பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே முகவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

கொழும்பில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தணிந்ததா? அம்மா இந்த மழையிலும் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறாரா?

இங்கே அலுவலகத்தில் குடும்பப் பதிவுகளை எல்லாம் கணினியில் ஒன்றுசேர்க்கிறோம். போன வாரம் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரே முகவரியில் இருந்த குடும்பங்களை, இரண்டு தடவை பதிந்தவை என்று கணினி நீக்கிவிட்டது. நம் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் பன்னிரண்டு வீட்டுக்கும் தோட்டத்து முகவரி ஒன்றுதானே! பதினொரு குடும்பத்தைக் காணோம், நாமும் அதில்தான். பயப்படாதீர்கள், எல்லோரையும் மீட்டுவிட்டேன்.

இனி வீட்டுக்கு வீடு இலக்கம் போடும்படி மேலதிகாரி சொன்னார். கண்ணை மூடி, தண்ணீர்ப் பீலியிலிருந்து வாசல் வாசலாக நடந்தேன். நமக்கு நான்கு. ஆறில் நின்றுவிட்டேன். வேலாயி அக்கா கினிகத்தேனைக்குப் போன பிறகு அங்கே யார்? விசாரித்து எழுதுங்கள்.

என் வாடகை அறைக்குத் தனி இலக்கம் இருக்கிறது. இரண்டு வருடமாக, "புள்ள, கொஞ்சம் உப்பு இருக்கா?" என்று அந்தக் கதவை ஒருவரும் தட்டியதில்லை.

அம்மாவிடம் கொஞ்சம் தேயிலைத்தூள் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்,
பிரியந்தி,
நான்காம் வீடு.