கண்ணாடியைக் கழற்றி வென்ற கோப்பை

அன்புள்ள அம்சவல்லிக்கு,

நான் நலம். நெய்வேலி மைன்ஸில் ஷிப்ட் மாறியபின் உன் முழங்கால் வலி குறைந்ததா?

சூரத் வியாபாரிகளின் ஸ்னூக்கர் போட்டியில் முதல் சுற்றைத் தாண்டினால் போதுமென்றுதான் போனேன். இறுதிச்சுற்றில் கோப்பை ஆசை வந்துவிட்டது. முந்திரி பேரம் பேசுகிற பழக்கத்தில் எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, சுலபமான பந்துகளைக் கோட்டைவிட்டேன். ஐந்து ஆட்டங்களில் இரண்டுக்கு இரண்டு என்று சமநிலையில் நின்றபோது, "எம் மூஞ்சியவே பாத்துக்கினு இருக்காம சோத்தப் பாத்துத் துன்னுங்க" என்று நீ அதட்டுவது நினைவுக்கு வந்தது. அதன்பின் எதிராளி ஆடும்போதெல்லாம், அவர் முகம் தெரியாதபடி கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். என் முறைக்கு மட்டும் மாட்டினேன். கடைசிக் கறுப்புப் பந்தும் குழியில் விழுந்தது. கோப்பை நம்முடையது!

உன் தம்பி வரும்போது எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பு. இங்கே சோற்றை மட்டும்தான் பார்த்துச் சாப்பிடுகிறேன்.

முந்திரி லாரி வந்துவிட்டது.

உன்
மணிமாறன்