போய்ச் சேர்ந்த ஆளுக்கு வந்த பார்சல்

12-2-2025, புதன்

சங்கரம்மாளின் காது மிஷினை இன்றைக்குப் பார்சலில் போட்டேன். கோயம்புத்தூர் கம்பெனிக்கு. ஒரு வாரமாக அது காதுக்குள்ளேயே விசில் அடிக்கிறதாம். "மினி பஸ் கண்டக்டர் பொண்டாட்டி காதுல விசிலு கேக்காம வேற என்னத்தக் கேக்கும்?" என்றேன். அவளுக்குப் பாதிதான் கேட்டது. பாதிக்கே முறைத்தாள்.

இருபத்திரண்டு வருசம் நூல் மில்லில் நின்றவள். மில்லை விட்டு வந்தாள், காது அங்கேயே நின்றுபோச்சு. மிஷின் இல்லாவிட்டால் பக்கத்தில் வெடி போட்டாலும் திரும்பமாட்டாள்.

பத்து நாளில் சரி பண்ணி அனுப்புவோம் என்று கம்பெனிப் பெண் போனில் சொன்னது. நல்லது. நான் எதைச் சொன்னாலும் இவளுக்குக் கேட்காது. பத்து நாள் என் ராஜ்ஜியம்.

18-2, செவ்வாய்

இன்றைக்கு ஒரு கூத்து. எழுதி வைக்கவேண்டும்.

நம்ம ஊர் போஸ்டாபீசுக்குப் புதுப்பெண் வந்திருக்கிறது. பேர் கிருஷ்ணப்ரியா. சேலம் பக்கமாம். தபால் கொடுப்பதும் அதுதான், ஆபீசைப் பார்ப்பதும் அதுதான். ஸ்கூட்டியில் தெருத்தெருவாகப் போய், யார் யாருக்கு எந்த வீடு என்று நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறது. காலையில் டீக்கடை முன்னால் நிறுத்தி, "நல்லகண்ணுங்கறவர் யாருங்க? எந்த வீடுங்க?" என்று கேட்டது.

ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. இந்த ஊரில் என் பேர் ரைட்டு. முப்பது வருசம் பஸ்ஸில் 'ரைட்டு, ரைட்டு' என்று கத்திச் சம்பாதித்த பேர். நல்லகண்ணு என்கிற ஆள் ரேசன் கார்டில் மட்டும்தான் குடியிருக்கிறான்.

நான்தான் சொன்னேன். "அந்த ஆளு போய்ச் சேந்துட்டாரே தாயி."

பிள்ளைக்கு முகம் வாடிப்போச்சு. "ஐயோ, எப்பங்க?"

"தை மாசம்" என்றான் மதார் சாகிபு. மளிகைக்கடை வைத்திருக்கிறவன், சின்ன வயசிலிருந்து என் சோட்டாளி. துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தங்கமான மனுசன்."

அதைக் கேட்டு எனக்கே அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் நோட்டில் என்னவோ எழுதிவிட்டு, "ரொம்ப வருத்தமா இருக்குங்க" என்று வண்டியை எடுத்தது. நான்தான் அது என்று சொல்ல எழுந்தேன். அதற்குள் ஸ்கூட்டி தெருமுக்குத் திரும்பிவிட்டது. கடையே உருண்டு சிரித்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து சங்கரம்மாளிடம் நடித்துக் காட்டினேன். மதார் கண்ணைத் துடைத்த மாதிரி நானும் துடைத்தேன். "கண்ணுல என்ன, தூசியா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

21-2, வெள்ளி

சாம்பாரில் உப்பு இல்லை என்றேன். பதில் இல்லை. சாம்பாரில் தவளை கிடக்குது என்றேன். "இன்னொரு கரண்டி ஊத்தவா?" என்கிறாள்.

யாரும் திட்டாத வீட்டில் வம்பு பண்ணி என்ன பிரயோசனம்.

25-2, செவ்வாய்

கம்பெனியிலிருந்து போன். மிஷின் சரியாகிவிட்டது, ரிஜிஸ்டர் பார்சலில் அனுப்பியாச்சு. நல்லகண்ணு பேருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டுமாம். கையெழுத்து நல்லாவே போடுவேன். அஞ்சாம் வகுப்பில் மிச்சமானது அது ஒன்றுதான்.

4-3, செவ்வாய்

பார்சல் வரவில்லை. போஸ்டாபீசுக்குப் போனேன், பூட்டிக் கிடந்தது.

திரும்பி வந்தால் வீட்டில் சங்கரம்மாள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ம்... ம்..." என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். மகள் சுகந்திதான், திருப்பூரிலிருந்து. இவளுக்கு ஒரு எழுத்துக் கேட்காது. கேட்கவில்லை என்று சொல்லவும் மனசு வராது. கேட்கிற மாதிரியே, "நல்லது தாயி, சந்தோசமா இருங்க" என்றாள்.

போனை வாங்கினேன். சுகந்தி அழுகிறாள். "மாப்பிள்ளைக்கு ஆக்சிடெண்டுப்பா. கால் உடைஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்காரு. அம்மா என்னமோ சந்தோசமா இருங்கங்குது!"

மிஷின் இல்லையென்று சொல்லுமுன் வைத்துவிட்டாள். மறுபடி போட்டு விவரம் சொன்னேன். சரி, சரி என்றாள். ஆனால் அந்தச் 'சரி' சரியில்லை.

மருமகன் விஜயபாண்டிக்குக் கால் ஒடிந்தது என்று சிலேட்டில் எழுதித்தான் சங்கரம்மாளுக்குச் சொன்னேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். அப்புறம் கேட்டாள். "நான் புள்ளைகிட்ட என்ன சொன்னேன்?"

நான் எழுதவில்லை.

6-3, வியாழன்

போன் அடித்தால் சங்கரம்மாள் இப்போது எடுப்பதே இல்லை. அது வெளிச்சம் போட்டு ஆடினாலும் தொடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், தேளைப் பார்க்கிற மாதிரி.

8-3, சனி

மதார் சாகிபு மருமகள் நிலோபர் அவள் போனில் பார்சல் நம்பரைப் போட்டுப் பார்த்தாள். "மாமா, ஒண்ணாந்தேதியே நம்ம ஊருக்கு வந்துருச்சே! மூணாந்தேதி திரும்பிப் போயிருக்கு."

வந்துருச்சா! நம்ம ஊருக்கே வந்து, ரெண்டு நாள் இருந்து, என் வீட்டு வாசலை மிதிக்காமப் போயிருக்கு! நாலு தெரு உள்ள ஊரு. ஸ்கூட்டி வச்சிருக்குல்ல? ஒரு சத்தம் குடுத்தா என்ன? வேலைக்கு வந்தவுடனே இந்தத் திமிரா?

10-3, திங்கள்

டவுன் பெரிய போஸ்டாபீசுக்குப் போய் அந்தப் பெண் மேல் புகார் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். ஊரிலேயே அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கலாம். எதுக்குக் கேக்கணும்? அழுத்தி எழுதினேன். 'தபாலைக் கொண்டுவந்து தராமல் அலட்சியம் செய்து திருப்பி அனுப்பிய கிருஷ்ணப்ரியா மீது தக்க நடவடிக்கை.' தக்க நடவடிக்கை என்பது பஸ் கம்பெனியில் என் மேலே எழுதின வார்த்தை. இன்றைக்குத்தான் எனக்கு உபயோகப்பட்டது.

13-3, வியாழன்

பஸ் ஸ்டாப்பில் ரெட்டியபட்டி ஷேர் ஆட்டோ சங்கரம்மாளை உரசிக்கொண்டு நின்றது. ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தான், நானே கேட்டேன். முழங்கை தேய்ந்து ரத்தம். அவன் "கெழவி, செவிடா?" என்று கத்தினான். ஆமா, செவிடுதான். அதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. சுற்றி நின்றவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

வீட்டில் மஞ்சள் வைத்துக் கட்டும்போது, "எல்லாரும் என்னைய என்ன சொல்லிச் சிரிக்கிறாக?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை என்று கையை ஆட்டினேன். நம்பவில்லை. என்னை நம்பாதே என்று நாற்பத்தெட்டு வருசமாக நான்தானே பழக்கியிருக்கிறேன்.

17-3, திங்கள்

இதையும் எழுதி வைக்கவேண்டும்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். நம்பரைச் சொன்னதும் அந்தப் பெண் குரலை இறக்கிக்கொண்டது. "சார், நீங்க அவரோட பையனா?"

"எந்தப் பையன்?"

"பார்சல் ரிட்டர்ன் வந்துடுச்சு சார். கவர்ல 'பெறுபவர் இறந்துவிட்டார்'னு எழுதியிருக்கு. அப்பா தவறினதுக்கு ரொம்ப வருத்தப்படறோம் சார்."

டீக்கடையும் ஸ்கூட்டியும் மதார் துண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் வந்து நின்றன.

"அப்பா இல்லம்மா. நான்தான் அது. செத்தவன்" என்றேன்.

அந்தப் பெண் "சார்?" என்றது. வேற நாளாயிருந்தா இதுக்கு நான் ஒரு வாரம் சிரிச்சிருப்பேன்.

18-3, செவ்வாய்

போஸ்டாபீசுக்குப் போனேன். கிருஷ்ணப்ரியா தனியாக உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி, அடித்து, எழுதிக்கொண்டிருந்தது. "நீங்க டீக்கடையில இருந்தவருதானுங்களே?"

"நான்தான் தாயி நல்லகண்ணு."

நோட்டைப் புரட்டி என் முன்னால் வைத்தது. என் பேரின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் 'தை மாசம்'.

சிரிக்க வைத்துவிடலாம் என்று பார்த்தேன். "செத்துட்டாருன்னு நான் சொல்லலையே தாயி. போய்ச் சேந்துட்டாருன்னுதான் சொன்னேன். டீக்கடைக்குப் போய்ச் சேந்தவனத்தான்..."

சிரிக்கவில்லை. "எங்க ஊர்லயும் அதுக்கு ஒரே அர்த்தம்தானுங்க. ஏழு பேர் நின்னீங்க. ஒருத்தர் அழுதார். நான் பொய்யின்னு நெனைப்பனா? எறந்தவர் பேர்ல வந்தத வேற ஆள்கிட்டக் குடுக்க ரூல் இல்லீங்க. திருப்பி அனுப்பும்போது கூட அந்த வீட்டம்மாவ நெனைச்சுக்கிட்டேன்." எழுதின தாளுக்குக் கீழே கிடந்ததை எடுத்துக் காட்டியது. மெமோ. என் புகாருக்கு விளக்கம் கேட்டு. "வேலையில சேந்து ரெண்டு மாசங்கூட ஆகலீங்க ஐயா."



19-3, புதன்

சங்கரம்மாள் அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தாள். பின்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மிஷின் திரும்பிப் போனது, சுகந்தி அழுதது, ஆட்டோ இடிக்க வந்தது எல்லாம் என் வாயால்தான் என்று சொன்னேன். அவள் பாட்டுக்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

சிலேட்டு இருக்கிறதே, எழுதிக்காட்டியிருக்கலாமே? இருக்கலாம்தான். பயந்தான்.

20-3, வியாழன்

டவுன் போஸ்டாபீசுக்கு மதார் சாகிபுவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "ஏலே ரைட்டு, நோம்பு வச்சுக்கிட்டு நான் பொய்ச்சாட்சிக்கு வரமாட்டேன்."

"உண்மைச்சாட்சிதாம்லே."

"உன்கூடச் சேந்து உண்மை சொல்லி எனக்குப் பழக்கமில்லையே."

ஆனால் வந்தான். இந்த வெயிலில், எச்சில்கூட விழுங்காமல், டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான். நான் எழுதிக் கொடுத்தது இது. 'ஐயா, நல்லகண்ணு ஆகிய நான் உயிரோடு இருக்கிறேன். நான் செத்துப்போனதாக நானே சொன்னேன். விளையாட்டு. கிருஷ்ணப்ரியா நோட்டில் எழுதியது சரி. தப்பு என் பேரில். புகாரை வாபஸ் வாங்குகிறேன்.' மதார் கீழே கையெழுத்துப் போட்டு, 'அழுதது நான்' என்றும் எழுதினான்.

ஆபீசர் ரெண்டு தடவை படித்தார். "பெரியவரே, என்ன வயசாகுது?"

செத்ததைச் சேத்தா, சேக்காமலா என்று நாக்கு நுனிவரை வந்தது. "எழுபத்துநாலுங்கய்யா" என்றேன்.

வைத்துவிட்டுப் போங்க, பார்ப்போம் என்றார்.

24-3, திங்கள்

கம்பெனியிலிருந்து மறுபடி பார்சல் போட்டாச்சு. இந்தத் தடவை சங்கரம்மாள் பேருக்கு. என் பேர் வேண்டவே வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

29-3, சனி

நிலோபர் பார்த்துச் சொன்னாள். பார்சல் வழி மாறி எங்கேயோ தெற்கே கிடக்கிறதாம். நான் யாரையும் குறை சொல்லவில்லை. சொல்லக்கூடிய வாயா இது?

31-3, திங்கள்

பெருநாள். மதார் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. சங்கரம்மாள் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மூடி வைத்தாள். என்னோடு பேசி நாலு நாள் ஆகிறது. கோபம் இல்லை. எனக்குத் தெரியும், கோபம் வேற. பேசிப் பேசிப் பதில் வராத இடத்தில் யார்தான் பேசுவார்கள்.

4-4, வெள்ளி

வந்துருச்சு!

கிருஷ்ணப்ரியா வாசலில் நின்று, "சங்கரம்மாள் யாருங்க?" என்று கேட்டது. தெரிந்தேதான் கேட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு கையால் காட்டினேன். ஆதார் கார்டைப் பார்த்து, கையெழுத்து வாங்கி, பார்சலை அவள் கையில் கொடுத்தது. என் பக்கம் திரும்பவில்லை. மெமோ என்னவாயிற்று என்று கேட்டேன். "இன்னும் ஒண்ணும் வரலீங்க."

சங்கரம்மாள் மிஷினை மாட்டினாள். தெருவில் யாரோ குடத்தைத் தட்டி வைத்தார்கள். திடுக்கிட்டாள். அப்புறம் நேரே போய்ப் போனை எடுத்தாள். சுகந்தியோடு ஒரு மணி நேரம். "சொல்லு தாயி. சொல்லு. அம்மாவுக்குக் கேக்குது, மொதல்ல இருந்து சொல்லு." கண்ணீர் விட்டுக்கொண்டே கேட்டாள். மாப்பிள்ளை வாக்கர் வைத்து நடக்கிறாராம்.

5-4, சனி

சொல்லிவிட்டேன். எதிரே உட்கார்ந்து, அவள் காதில் மிஷின் இருக்கும்போது. டீக்கடை, துண்டு, தை மாசம், எல்லாம்.

எழுந்து போய்விட்டாள்.

8-4, செவ்வாய்

மூணு நாளாச்சு. முன்னே காது கேட்காமல் பேசவில்லை. இப்போ கேட்டுவிட்டுப் பேசவில்லை. இதுக்கு அதுவே தேவலை.

9-4, புதன்

காலையில் கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் ஸ்கூட்டி சத்தம்.

"அம்மா, ரிஜிஸ்டர் தபாலுங்க. டவுன் ஆபீஸ்ல ஐயாவுக்குப் பதில் போட்டிருக்காங்க. எனக்கும் வந்துருச்சுங்க, மெமோவ ரத்து பண்ணிட்டாங்க. நல்லகண்ணு ஐயா இருக்காருங்களா?"

துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அதற்குள் சங்கரம்மாள் குரல்.

"அவுக போய்ச் சேந்துட்டாகளே தாயி."



"அப்படிங்களாம்மா? அப்ப நோட்டுல எழுதிக்கட்டுங்களா?"

"எழுதிக்க. இந்தத் தடவை நல்லா அழுத்தி எழுதிக்க."

முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். பிறகு சங்கரம்மாள். ரெண்டு மாசமாச்சு இவள் சிரிப்பைக் கேட்டு.

ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கலாம். போகவில்லை. அவுக சிரிச்சு முடிக்கட்டும்னு, துவைகல்லு மேல செத்தவன் மாதிரியே உட்கார்ந்திருந்தேன்.