மருந்துக்காரியின் சாட்சி

மார்ச் 4

என் செல்லப் பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன். பல்லெல்லாம் இருக்கிறது, ஒரு புருவம் மட்டும் கிழிந்து நாலு தையல். இங்கே ஜெயிலில் முகம் கழுவுகிற வாளிக்காக இரண்டு பேர் கட்டிப் புரண்டார்கள். நான் பழக்க தோஷத்தில் நடுவில் போய் நின்றுவிட்டேன். பதினாறு வருஷமாகக் கம்ப்யூட்டர் ஆட்டத்தில் முன்வரிசையில் நின்று அடி வாங்கிய ஆள் இல்லையா, எவன் கை ஓங்கினாலும் என் கால் தானாக அங்கே போகிறது. வாளியின் விளிம்பு நெற்றியில் இறங்கி, ரத்தம் கண்ணுக்குள் வழிந்ததும் வாய் தன்னால் "ஒண்ணு!" என்று கத்திவிட்டது. பக்கத்தில் படுக்கிற பெயின்டர், "என்னய்யா ஒண்ணு? இன்னொண்ணு வேணுமா?" என்கிறான்.

அவனுக்கு உட்காரவைத்துக் கதை முழுக்கச் சொன்னேன். ஆட்டத்தில் நான் 'ஒண்ணு' என்றால் என் தங்கை சின்ன மருந்து போடுவாள், 'ரெண்டு' என்றால் பெரிய மருந்து. என் தலைக்கு மேல் உயிரைக் காட்டும் பச்சைக் கோடு மறுபடி நிறையும், நான் எழுந்து இன்னும் நாலு பேரை வெட்டுவேன். "அப்ப உன்னைக் காப்பாத்துனது பூரா அந்தப் பொண்ணுதானா?" என்றான். ஆமாம்டா என்றேன்.

முதல் ஆட்டம் ஞாபகமிருக்கிறதா? ஆறே ஆறு கம்ப்யூட்டர் இருந்த அந்தக் கடை, இரண்டு பேருக்கும் ஒரே நாற்காலி. எலும்புக்கூடுகளை வெட்டி வெட்டி என் விரல் மரத்துப்போகும். உனக்குப் பதினாலு வயது, கோடாரிதான் வேண்டும் என்று அழுது அடம்பிடித்தாய். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி கோடாரி? நீ மருந்து போடு, அண்ணன் வெட்டுறேன்" என்று பிடுங்கிக்கொண்டேன். அப்புறம் கப்பல் ஆட்டம். சுறா என்று பெயர் வைத்துக்கொண்டு நம்மோடு சிநேகமாக இருந்தவன், நாம் அசந்த நேரத்தில் நம் கப்பலுக்குத் தீ வைத்தானே! மூன்று மாதம் துரத்தி அவனைப் பதினேழு தடவை மூழ்கடித்தேன். கடைசித் தடவை மைக்கில் பேசினான். அறுபது வயது ஆள் குரல், "விட்டுடுங்க தம்பி" என்று அழுதார். அப்போதும் விடவில்லை. இப்போது நினைத்தாலும் ஒரு நிறைவுதான்.

அதற்கப்புறம் நம் கோட்டை ஆட்டம். ஒன்பது வருஷம். அதில் நான் வளர்த்த வீரன் 'மலை'யைப் போல ஒருத்தன் அந்தக் கோட்டையில் உண்டா? கேடயத்தைத் தூக்கினால் பின்னால் நாற்பது பேர் நிம்மதியாக நிற்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரரை நான் அடித்த வழக்கு அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி. வக்கீலம்மா சொல்கிறார், நீ கூண்டில் ஏறி, அன்றைக்கு உன் வீட்டுக்காரர் உன்னை அடித்தார், அதைப் பொறுக்காமல்தான் அண்ணன் வந்தார் என்று சொன்னால் பாதிக்கு மேல் தண்டனை குறையும். இல்லையென்றால் எட்டு வருஷம். அத்தாட்சிக்கும் எனக்கு ஒரு யோசனை. கோட்டை ஆட்டத்தில் நெருப்புப் பல்லியைக் கொன்ற அந்த ஞாயிறு மதியம் உன் மைக்கில் ஓர் அறை விழுந்த சத்தம் கேட்டது. நம்மோடு ஆடுகிற பல் டாக்டர்தான் ஒவ்வொரு போரையும் பதிவுசெய்து, யார் எங்கே தப்புப் பண்ணினார்கள் என்று மறுநாள் எல்லாரையும் போட்டுக் காய்ச்சுவாரே, அவரிடம் கேட்டு வாங்கு.

உனக்காகத்தான் பாப்பா இங்கே கிடக்கிறேன். எந்த அண்ணன் பொறுப்பான், சொல்லு.

அன்பு முத்தங்களுடன்,
உன் அண்ணன்


மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

தையல் பிரித்தார்களா? நாலு தையலைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறாய். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இனிமேல் யார் அடித்துக்கொண்டாலும் சுவர் ஓரமாக நில். உனக்குப் பின்னால் அங்கே யாரும் இல்லை.

நான் வேலைக்குப் போகிறேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இப்போது மூன்றாவது மாடி மூட்டைகள் என் மெஷினுக்குத்தான் வருகின்றன. என் வீட்டுக்காரர் அங்கேதான் படுத்திருக்கிறார். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், ஸ்ட்ராவில்தான் எல்லாம். மூன்று பல் போய்விட்டது. வலது முட்டியில் ஸ்டீல் வைத்திருக்கிறார்கள், இனி டிரைவிங் ஸ்கூலில் பிரேக் மிதிக்க முடியுமா என்பது சந்தேகம். அவர் படுக்கை விரிப்பு எது என்று பார்த்தாலே தெரிகிறது. வீட்டுச் சுவரையும் நான்தான் கழுவினேன். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், சுடுதண்ணீர் பட்டால் கறை அப்படியே நின்றுவிடும். சுவிட்சுக்கு மேலே கொஞ்சம் இன்னும் இருக்கிறது.

அண்ணா, நீ அடிக்கும்போது கத்தியது என் காதைவிட்டுப் போகவே இல்லை. "ஒன்பது வருஷம்டா! ஒன்பது வருஷம்டா!" ஸ்பேனர் இறங்கும்போதெல்லாம் அதே கத்தல். கீழ் வீட்டு டீச்சருக்கும் கேட்டிருக்கிறது. மறுநாள் படியில் நிறுத்தி, "ஒன்பது வருஷமாவாம்மா உன்னை அடிச்சாரு?" என்று கேட்டார். எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம்தானே ஆகிறது. வேலைக்கு நேரமாச்சு டீச்சர் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

அன்றைக்கு அவர் என்னைத் தொடவில்லை. உனக்கும் தெரியும். என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உன் மலையை அழித்தார், அவ்வளவுதான். நீ லிஃப்ட் பழுது பார்க்கக் குழிக்குள் இறங்குகிற நாட்களில் மலையின் வேலைகளை நான்தானே செய்து வைப்பேன், அதனால் உன் பாஸ்வேர்டு என் நோட்டில் இருந்தது. அது என் தப்பு. "என்னைவிட இவன் என்ன பெரிய மலையா?" என்று கேட்டுக்கொண்டே அழித்தார். அப்புறம் உனக்கு போன் போட்டு, "மச்சான், உங்க மலை போச்சு" என்று சிரித்தார். இருபதாவது நிமிஷம் நீ வாசலில் நின்றாய்.

அதற்கு முந்தின வாரம், பல்லியைக் கொன்ற அந்த ஞாயிறு, என் காது மடல் கிழிந்தது. அன்றைக்கு நீ வரவில்லை. மைக்கில் ஒரு சத்தம் கேட்டால் அது என்ன என்று அப்போது உனக்கு எப்படிப் புரியும், நான் சொன்னால்தானே தெரியும்? நாலு வருஷமாக ஒரு வார்த்தை உன்னிடம் மூச்சுவிட்டதில்லை. தெரிந்தால் நீ அவரைக் கொன்றே போட்டுவிடுவாய் என்ற பயம். எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான், அவனுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறேன், அதனால்தான் இந்த ஆள் உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். அடி விழும்போது அந்த நினைப்பு எனக்குப் பெரிய துணை.

உனக்காக ஒரு பொய் சொல்ல வேண்டுமென்றால் சொல்லத்தான் போகிறேன். மனசைத் தயார் பண்ணிக்கொண்டுவிட்டேன். டாக்டர் பதிவை அனுப்பிவிட்டார். ஏனோ ரொம்பத் தயங்கினார், "நீ கேட்டுத்தான் ஆகணுமாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். வருகிற ஞாயிறு லீவு. உட்கார்ந்து முழுசும் கேட்டுவிட்டு, அத்தாட்சிக்கு ஆகுமா என்று எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை


மார்ச் 20

பாப்பா,

அவசரம். இது தபாலில் வரவில்லை. பெயின்டருக்கு நாளைக்கு விடுதலை, அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். இங்கே வருகிற கடிதத்தையெல்லாம் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். அன்றைக்கு அவன் உன்னைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அறிவு இருக்கிறதா உனக்கு? இனி ஒரு வரி அப்படி எழுதாதே.

முக்கியமான விஷயம். அந்தப் பதிவை நீ கேட்க வேண்டாம். வக்கீலம்மாவிடம் கொடு, அவர் கேட்கட்டும். கொடுக்கும்போதும் முழுசாகக் கொடுக்காதே. அறை விழுகிற சத்தம் வரைக்கும் போதும், அதோடு வெட்டிவிடச் சொல். அதற்கப்புறம் எல்லாம் ஒரே கூச்சல்தான். நான் ஏதாவது உளறியிருப்பேன். போர் நடக்கும்போது வாயில் வருவதையெல்லாம் ஒரு பேச்சு என்று எடுத்துக்கொள்வார்களா?

நீ அங்கே இருந்தாய், உனக்குத் தெரியாதா? பல்லிக்கு இன்னும் ஏழு சதவீதம்தான் உயிர் பாக்கி. ஏழு மாதமாக ஞாயிறு தவறாமல் போய்ச் செத்துக்கொண்டிருந்தோம். நாற்பது பேர் எரிந்து கருகி, முதலிலிருந்து எழுந்து நடந்து, மறுபடி கருகி. அன்றைக்குத்தான் அதன் ஒரு கண்ணைக் குத்தி, வயிற்றைக் கிழித்து, மண்டி போட வைத்திருந்தோம். நான் ஓர் அடி நகர்ந்திருந்தால் நாற்பது பேரும் சாம்பல். அந்த நேரத்தில் என்னால் என்ன செய்ய முடியும்? உன் வீடு இருபது நிமிஷத் தூரம். வந்து சேர்வதற்குள் அவன் அடித்து முடித்திருப்பான். எப்படியும் முடித்திருப்பான், இல்லையா?

நேற்று வாளிக்காரன் மறுபடி என்னிடம் வந்தான். அவன் தலையைப் பிடித்துக் குழாயில் மோதினேன். மூக்கு உடைகிற சத்தம் கேட்டும் கை நிற்கவில்லை. நாலு வார்டர்கள் வந்து என்னைப் பிரித்தார்கள். இதுவும் வழக்கில் சேருமாம். எட்டு வருஷம் என்னால் இங்கே முடியாது பாப்பா, இவர்கள் என்னைக் கொன்றுவிடுவார்கள், இல்லை நான் யாரையாவது கொன்றுவிடுவேன்.

எத்தனை தடவை உனக்கு முன்னால் நின்றிருக்கிறேன்! எலும்புக்கூடு, சுறா, பல்லி எல்லாம் உன்மேல் ஒரு கீறல் பட விட்டிருக்கிறேனா? அதையெல்லாம் நினைத்துப் பார். அண்ணனைக் கைவிட்டுவிடாதே.

கேட்காதே. வெட்டிவிடு.

அண்ணன்


மார்ச் 24

அண்ணா,

பெயின்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து கடிதத்தைக் கொடுத்தார். நல்ல மனுஷன். "நீங்கதான் மருந்து போடுற தங்கச்சியா?" என்று கேட்டார். தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, உன் கடிதத்தைப் படித்தேன். அப்புறம் உட்கார்ந்து பதிவை முழுசும் கேட்டேன்.

பதினோராவது நிமிஷம் அந்த அறை. ஹெட்போன் தரையில் விழுகிறது. இன்னோர் அறை. அப்புறம் மேஜையில் ஏதோ மோதுகிற சத்தம், அது என் தலை. அம்மா என்று நான் கத்துகிறேன். என் குரல் எனக்கே யாரோ போல இருக்கிறது. ஹெட்போன் கழன்றுபோனதால், அதை மறுபடி எடுத்து மாட்டுகிற வரைக்கும் நீங்கள் பேசியது எதுவும் அன்றைக்கு என் காதில் விழவில்லை.

டாக்டர் கேட்கிறார், "என்ன சத்தம் அது? மலை, உங்க தங்கச்சி மைக்தானே?"

நீ சொல்கிறாய், "விடுங்க டாக்டர். அது எப்பவும் நடக்கிறதுதான். அவ மைக்கை நீங்களே அணைச்சிடுங்க. அடிச்சு முடிச்சதும் வந்துடுவா."

எப்பவும் என்கிறாய். உனக்குத் தெரிந்திருக்கிறது. நாலு வருஷமாக என் மைக்கில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாய். நான் கதவைச் சாத்தி, முகத்தில் பவுடர் போட்டு, உன் வீட்டுக்கு வருகிற அன்றைக்கு முழுக்கைச் சட்டை மாட்டி உன்னிடமிருந்து மறைத்ததெல்லாம் உனக்கு எப்போதோ தெரிந்த சங்கதி.

அப்புறம் நாற்பது விநாடி. நீ மூன்று தடவை 'ஒண்ணு' கேட்கிறாய். மூன்றாவது தடவை எரிச்சலோடு கேட்கிறாய். அதன் பிறகு நான் வந்துவிடுகிறேன், நீ சொன்னபடியே. இடது கண் வீங்கி மூடிக்கொண்டது, வலது கண்ணில் உன் பச்சைக் கோடு மட்டும் தெரிந்தது, போட்டுக்கொண்டே இருந்தேன். பல்லி விழுந்ததும் எல்லாரும் கூச்சல் போடுகிறீர்கள். "நீதான்டி என் தங்கச்சி!" என்று நீ கத்துகிறாய். அன்றைக்கு அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் சேர்த்தாலும் இப்போது உன்மேல் இருக்கிற கோபத்தில் பாதிகூட வராது. இரண்டு நாளாக மூட்டை பிரிக்கிற இடத்தில் நின்று அழுதுகொண்டே இருக்கிறேன். எந்த அண்ணன் பொறுப்பான் என்று எழுதியிருந்தாய். நீ பொறுத்தாய் அண்ணா. நாலு வருஷம் நன்றாகப் பொறுத்தாய். ஆட்டத்தில் ஒரு படத்தை அழித்ததைத்தான் உன்னால் பொறுக்க முடியவில்லை.

நான் அந்த வீட்டைவிட்டு வந்துவிட்டேன். சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை, என்னோடு வேலை செய்கிற அக்காவும் நானும். அவர்மேல் நேற்றுப் புகார் கொடுத்தேன். உன் வக்கீலம்மாவையும் போய்ப் பார்த்தேன். பதிவைக் கேட்டுவிட்டு, "பாதியில நிறுத்திக்கலாமேம்மா" என்றார். வேண்டாம் மேடம், முழுசும் ஓடட்டும், நீங்கள் போடாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீலிடம் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டாக்டர் போன் செய்தார். வெட்கமாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும் என்றார். உங்கள் வெட்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று கேட்டேன். கோட்டை ஆட்டத்தில் என் மருந்துக்காரியை நானே அழித்துவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அக்காவின் பழைய கம்ப்யூட்டரில் வேறொரு புது ஆட்டம் ஆரம்பித்திருக்கிறேன். என்ன ஆயுதம் வேண்டும் என்று கேட்டது. கோடாரி எடுத்தேன். முதல் நாளே பதினோரு தடவை செத்தேன். பன்னிரண்டாவது தடவை ஓர் ஓநாயின் கழுத்தில் இறக்கினேன், எலும்பில் மாட்டிக்கொண்டது, காலால் மிதித்து உருவினேன். அக்கா பயந்துபோய், "என்னடி, இப்படிச் சிரிக்கிறே?" என்றாள்.

பத்தொன்பதாம் தேதி வருவேன். பொய் சொல்ல மாட்டேன். கேட்டால், அன்றைக்கு நடந்ததை நடந்தபடி சொல்வேன். பதிவைப் போடுவார்கள். முதலில் அவர் அடிப்பது கேட்கும். அப்புறம் நீ பேசுவது கேட்கும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். நீ எழுதினால் நான் இளகிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். இனி அங்கே அடி விழும்போது 'ஒண்ணு' என்று கத்தாதே, என்ன என்று கேட்கப் பெயின்டரும் இல்லை. சுவர் ஓரமாக நில்.

தங்கை