அப்பா சொன்ன பரவாயில்லை

முருகன் துணை

தவுவா, ஃபிஜி
9-10-2000

அன்புள்ள மகன் ஜிதேந்திராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், ஆக்லாந்தில் உன் சுகத்துக்கு முருகனை வேண்டிக்கொண்டே இருக்கிறேன். முந்தாநாள் காலை நம் கரும்புக் காட்டில் இருந்தவர்கள் அப்பா, நான், வெட்டுகிற சுரேந்திரா, அப்பல்சாமி, கோவிந்தசாமி, பக்கத்து ஃபிஜி கிராமத்து ஜோனே, ஆக ஆறு பேர். பெயரோடு எழுதி வைக்காவிட்டால் நடந்ததை நானே நம்பமாட்டேன்.

மே மாதக் கலவரத்துக்குப் பிறகு அப்பாவின் வெட்டுகிற கேங்கில் பன்னிரண்டு பேர் போக இந்த நாலு பேர்தான் மிச்சம். அதிலும் சுரேந்திரா பட்டணத்துப் பக்கம் நசினுவுக்கு மச்சானோடு மினிபஸ் ஓட்டப் போகிறேன் என்று கத்தியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். அவன் போனால் மற்றவர்களும் போவார்கள், சீசன் முடிந்து மில் மூடும்போது பாதிக் கரும்பு வெட்டாமல் நின்றுவிடும். டீ கொடுத்து ஏன்டா ராஜா என்று கேட்டேன். சித்தப்பா சித்தி மாதிரி எங்களை மௌசா, மௌசி என்றுதான் கூப்பிடுவான். உயிரைக் கொடுத்து வெட்டினாலும் மௌசா பார்த்துவிட்டு பர்வா நஹீ என்கிறார் மௌசி, அவருக்கே அக்கறை இல்லை, எனக்கு என்ன என்றான். அப்பா தமிழில் பரவாயில்லை என்று மெச்சினது இந்தப் பிள்ளைகள் காதில் ஹிந்தியாக, எனக்கென்ன அக்கறை என்று விழுந்திருக்கிறது! சிரித்துவிட்டேன், பிறகு அப்பாவைத் தேடி ஓடினேன்.

அப்பாவிடம் சொன்னதும் ஆடிப்போய்விட்டார். முப்பத்தாறு வருஷமாக என் சாம்பாருக்கே அதைவிடப் பெரிய வார்த்தை கிடைத்ததில்லை. ஆனால் யார் எப்படி வெட்டினான் என்று தினமும் சாப்பிடும்போது என்னிடம் சொல்வார், நானும் அரிசி பருப்புக் கணக்கு நோட்டின் ஓரத்தில் எழுதிவைப்பேன். அவருக்குப் படிக்க வராது, அதனால் நோட்டோடு நானும் காட்டுக்குப் போனேன். நான் படிக்கப் படிக்க அவர் தம் ஓட்டை ஹிந்தியில் சொன்னார். சுரேந்திரா மண்ணை ஒட்டி வெட்டுகிறான், அடிக்கரும்புச் சர்க்கரையை வீணாக்குவதில்லை. கோவிந்தசாமி ஏற்றின லாரியிலிருந்து ஒரு கரும்பு ரோட்டில் விழுந்ததில்லை. அப்பல்சாமிக்குக் காய்ச்சல் கண்ட அன்று ஜோனே அவன் வரிசையையும் வெட்டிவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. நான் தூங்கினதையும் எழுதினீங்களா மௌசி என்றான் அப்பல்சாமி. எழுதியிருந்தேன், படிக்கவில்லை. ஜோனே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். சுவாமிக்குத் திரை விலக்கும்போது வருமே ஓர் அமைதி, அது கரும்புக் காட்டில் வந்தது ஜித்து. சுரேந்திரா சாக்கைப் பிரித்துக் கத்தியை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனான். அர்ச்சனையில் பேர் சொல்லக் கேட்பது எதற்கு என்று இந்த வயசில்தான் விளங்கியது.

உன் பேக்கரியில் ஆட்கள் நிற்பதில்லை என்று எழுதியிருந்தாய். உனக்கும் அப்பா நாக்குதான். யார் என்ன நன்றாகச் செய்தான் என்று குறித்துவைத்து, அவனிடமே, அவனுக்குப் புரிகிற மாதிரி சொல். இன்னொன்று. நீ சூப்பர்வைசர் ஆன சேதிக்கு அப்பா பரவாயில்லை என்று எழுதச் சொன்னார், நானும் அப்படியே எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு உன் இரண்டு கடிதத்திலும் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தச் சேதியை என்னை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார், அதை நான் எழுதவில்லை, தப்பு என்னுடையது.

முருகன் உன்னைக் காக்கட்டும். செவ்வாய்க்கிழமை விளக்கேற்ற மறக்காதே. இந்தத் தடவை அப்பா பேருக்கே சீக்கிரம் பதில் போடு, நான் படித்துக் காட்டுகிறேன்.

ஆசீர்வாதத்துடன்,
அம்மா இந்திராவதி