மூன்று மனுக்கள்

அன்புத் தங்கச்சிக்கு,

கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. யாரையும் கெஞ்சி எழுதச் சொல்லவில்லை, நானே எழுதுகிறேன்! இந்தப் பக்கத்துக்கு இரண்டு நாள் ஆனது.

ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். கடல் தாண்டி அனுப்பிய கைதிகளின் பதிவேட்டை எடுத்துவைத்த குமாஸ்தா, "படிச்சுச் சொல்லட்டுமா பெரியவரே?" என்றார்.

"வேணாம் தம்பி, எழுபது வருஷமா அடுத்தவங்க வாயாலதான கேட்டேன்" என்று சொல்லி, விரல் வைத்து வாசித்தேன்.

அப்பா திருடியது இரண்டு கம்பளி. நீ பிறப்பதற்கு முந்தைய வாரம். ஏழு வருடம் அங்கே கல் உடைத்திருக்கிறார்.

"விடுதலையாகியும் வரல, நம்மள மறந்துட்டான் அந்த மனுஷன்" என்பாயே, அது தப்பு. ஊர் திரும்பக் கப்பலில் இடம் கேட்டு மூன்று மனு கொடுத்திருக்கிறார். பதிவேட்டில் அவர் பக்கத்தோடு அவற்றைக் குத்தி வைத்திருக்கிறார்கள். மூன்றிலும் 'நிராகரிக்கப்பட்டது' என்று முத்திரை. அவ்வளவு நீளமான வார்த்தையை நான் படித்தது அதுதான் முதல்முறை. மறு வருடம் காய்ச்சலில் போய்விட்டார்.

முதல் இரண்டு மனுவில் கைரேகை. மூன்றாவதை அவரே எழுதியிருக்கிறார், என்னைவிடக் கோணலாக. காரணம் ஒரே வரிதான்: 'பெற்ற மகளை இன்னும் பார்க்கவில்லை.'

அந்த மனுவை முழுசாகப் பார்த்து எழுதி அடுத்த வாரம் அனுப்புகிறேன். கோணலைத் திருத்தமாட்டேன்.

உன் அண்ணன்
(ரேகை அல்ல, கையெழுத்து)