தலைவரின் இடக் கன்னம்

மார்ச் 3
நகராட்சி மண்டபத்தில் மாட்ட நான் வரையும் தலைவர் படத்தைப் பார்க்கச் செயலாளர் வந்தார். மார்பை அகலமாக்கணுமாம், நிறத்தைக் கொஞ்சம் தூக்கணுமாம். மனிதர் செத்து அறுபது வருஷம், இன்னும் விடமாட்டார்கள் போல. நான் நகராட்சிப் பள்ளி ஓவிய ஆசிரியை. பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

மார்ச் 5
என்னவர் தையற்காரர். சாப்பாட்டுக்கு வந்தவர், நான் பார்த்து வரையும் பாடப்புத்தகப் புகைப்படத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்ன, தலைவரு பொம்பளைச் சட்டை போட்டிருக்காரு? ஆம்பளைச் சட்டைன்னா இடப்பக்கம்தான் மேல வரும்."

உண்மைதான்! சட்டையில் தப்பில்லை, புகைப்படத்தையே இடவலம் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். அப்படியானால், வலக் கன்னத்தில் என்று எல்லாரும் நம்பும் தலைவரின் தழும்பு நிஜத்தில் இடக் கன்னத்தில் இருந்திருக்கிறது. தபால்தலை, சிலை, எல்லாம் தப்பு. இத்தனை வருஷமாக ஒருத்தருக்குமா கண் இல்லை?

மார்ச் 6
செயலாளருக்குப் போன் செய்தேன். "அப்ப சட்டையை மாத்திருங்கம்மா. தழும்பு இருக்கற எடத்துலயே இருக்கட்டும்."

சட்டையை மாற்றணுமாம்!

மார்ச் 9
தலைவரின் மகளைத் தேடிப் போனேன். எழுபது தாண்டியவர், தனியாக இருக்கிறார். கேட்டதுமே கண் கலங்கிவிட்டது.

"இடப்பக்கம்தான். மடியில உக்காந்து அதைத் தடவிக்கிட்டேதான் தூங்குவேன். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப்போச்சு. நீயாவது சரியாப் போடுவியாம்மா?"

போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 10
தழும்பை இடக் கன்னத்தில் போட்டாயிற்று. வருவது வரட்டும்.

மார்ச் 21
படத்தை எடுத்துப் போனார்கள். செயலாளர் உற்றுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உதைக்கிறது.

மார்ச் 24
திறப்பு விழா. திரை விலகியது — தழும்பு வலக் கன்னத்தில்! காலையில் விளம்பரப் பலகை எழுதுகிறவரைக் கூப்பிட்டு, நான் போட்டதை மூடி, அந்தப் பக்கம் புதிதாக ஒன்று போட வைத்திருக்கிறார்கள். கீழே என் கையெழுத்து மட்டும் அப்படியே.

முன்வரிசையில் அந்த அம்மா. படத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். ஐயோ, நான் பண்ணலம்மா, சத்தியமா நான் பண்ணல!

காலையில் பூசிய எண்ணெய் வண்ணம் மதியத்துக்குள் காயுமா? மேடை ஏறினேன். புடவைத் தலைப்பால் இரண்டு கன்னத்தையும் அழுத்தித் துடைத்தேன். வலது போயிற்று, இடது வெளியே வந்தது. "பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று செயலாளர் கத்தினார். "ஆமா" என்று நானும் கத்தினேன். மைக்கில் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஏப்ரல் 2
பள்ளியிலிருந்து தற்காலிகப் பணிநீக்க உத்தரவு நகராட்சி வண்டியில் வந்தது. அதே வண்டியில் படமும் திரும்பி வந்தது. கிழித்துப் போடலாமா உத்தரவை? என்னவர் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 6
அந்த அம்மா பஸ் ஏறி வந்தார். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"கன்னம் சரி. மூக்குதான் இவ்வளவு பெருசு இல்ல."

சுர்ரென்று வந்தது எனக்கு. வேலை போய் உட்கார்ந்திருக்கிறேன், இவருக்கு மூக்கா? வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இத்தனை பேர் திருத்தம் சொன்னார்களே, இவர் ஒருவர்தானே அந்த முகத்தை நேரில் பார்த்தவர்?

நாற்காலியை இழுத்து அவரை உட்கார வைத்தேன். தூரிகையை எடுத்தேன்.

"எவ்வளவு குறைக்கணும், சொல்லுங்கம்மா."