இரண்டு கையிலும் நெய்ப்பந்தம்

ஸ்ரீரங்கம்,
13.6.2025

அன்புள்ள சித்ராவுக்கு,

அண்ணன் லக்ஷ்மணன் எழுதுகிறேன். கையெழுத்துக் கோணலைப் பார்த்து, குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைக்காதே. வலது கையில் தீக்காயம், கட்டுப் போட்டிருக்கிறது. இப்போது நீ என் போனை எடுப்பதில்லை, அதனால் ஸ்பீட் போஸ்ட். நான்கு நாளில் கரக்பூர் போய்விடும் என்றார்கள். என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டுச் சொன்னதாகவும் இருக்கலாம்.

அப்பாயி இறந்துபோனதை யாருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ பார்த்தாயாமே. உன்னையும் ஆரோக்கியராஜையும் பாலக்கரையில் சேர்ந்து பார்த்ததை, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து அப்பாவிடம் ஒப்பித்த வாய் இது. பதினெட்டு வருடமாய் நீ வீட்டுப்படி ஏறாததற்கு அதுதான் காரணம். தெருவில் யார் வீட்டுக் குழம்பில் உப்புக் குறைச்சல் என்பதுவரை பேசுகிற அதே வாய், உனக்கு ஒரு போன் போடவேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டது. உனக்குச் சொல்லவேண்டாம் என்றார் சித்தப்பா. ஐம்பத்திரண்டு வயதில் தலையை ஆட்டினேன்.

துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் அப்பாயி கதைதான் பேசுகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, நிறுத்தவும் மனமில்லை. படிக்கத் தெரியாமல் டிரைவர் முகத்தைப் பார்த்து பஸ் ஏறும் அல்லவா? ஒருநாள் டிரைவர் மாறிவிட, பீர்க்கங்காய்க் கூடையோடு காந்தி மார்க்கெட்டுக்குப் பதிலாகப் புத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் போய் இறங்கியது. நோயாளியைப் பார்க்க வந்தவர்களிடமே கூடையைக் காலி செய்துவிட்டு, அப்புறம் புதன்கிழமைதோறும் வேண்டுமென்றே அந்த பஸ்ஸில் ஏறியது. பெரிய கோயிலில் பெருமாள் சன்னதியில் சீக்கிரம் நகரச் சொன்னவரிடம், "படுத்திருக்கிறவரே அவசரப்படல, நிக்கிற உனக்கு என்னப்பா அவசரம்?" என்று கேட்டது.

கடைசி மாதம் படுக்கைதான். நானும் உன் அண்ணியும் மாற்றி மாற்றிப் புரட்டிப் படுக்க வைத்தோம். இடுப்பு விட்டுப்போயிற்று; எனக்குத்தான். உன்னைக் கேட்கும்போதெல்லாம் டிக்கெட் கிடைக்கவில்லை, வந்துவிடுவாள் என்று சொல்லிவைத்தேன். போவதற்கு முந்தின நாள் என் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"அவளுக்கு நீ சொல்லவே இல்லடா."

கோபமில்லை. திருடனைப் பிடித்த சிரிப்புதான். அப்போதாவது உனக்குப் போன் போட்டிருக்கலாம். போடவில்லை.

சுடுகாட்டுக்கு எடுக்கும்போது பேரப்பிள்ளைகளை நெய்ப்பந்தம் பிடிக்கக் கூப்பிட்டார்கள். ஆளுக்கொன்று கொடுத்தார்கள். நான் இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். "ரெண்டு கையிலயும் புடிக்க இது என்ன மத்தாப்பாடா?" என்று சித்தப்பா சீறினார். ஒன்று சித்ராவுடையது என்றேன். உடலைச் சுற்றி வருவதற்குள் கொதிக்கும் நெய் கையில் வழிந்துவிட்டது. இரண்டு பந்தம் பிடித்துப் பழக்கமில்லை.

வரும் 24, செவ்வாய்க்கிழமை கருமாதி. காலை ஏழு மணிக்குக் காவிரிக் கரை அம்மா மண்டபத்தில். சித்தப்பாவிடம் நீ வருவாய் என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பினால் திருப்பட்டும், கழுத்து வலித்தால் தானாக நேரே பார்ப்பார். என்னைத் திட்டவேண்டும் என்றால் எல்லார் முன்னாலும் நின்று திட்டு. அதற்காகவாவது வா.

மாப்பிள்ளை ஆரோக்கியராஜுக்கு லீவு கிடைக்குமா என்று கேள். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். இரண்டு பேரும் நன்றாக இருக்கவேண்டும்.

உன் அண்ணன்,
லக்ஷ்மணன்